சிமுலேட்டர் சாஃப்ட்வேர்: டாங்குக்கு எழுதினதை ஹெலிகாப்டருக்கும் ஓட்டுறது எப்படி?

ராணுவ ட்ரெய்னிங் சிமுலேட்டர் ஒண்ணுக்கு எழுதின கோட் அடுத்ததுக்கு ஒத்துவரலன்னா பெரும்பாலும் ஒரே காரணம்தான், வண்டி எப்படி நகருதுங்கிற கணக்கும் அதை நெட்வொர்க்ல அனுப்புற வேலையும் ஒண்ணோட ஒண்ணு பின்னிக் கிடக்கும். சி++ஸும் யூடிபியும் தெரியும்னு வச்சுக்கிட்டு ஆரம்பிக்கிறேன்.

ஸ்டெப் 1: டாங்க், ட்ரக்னு தனித்தனி கிளாஸ் போடாதீங்க. எடை, டாப் ஸ்பீடு, திரும்புற வேகம் எல்லாம் கான்ஃபிக் ஃபைல்ல இருக்கட்டும்.

ஸ்டெப் 2: வெளியில பேச அடாப்டர். சிமுலேட்டர்கள் ஒண்ணோட ஒண்ணு பேசுற ஸ்டாண்டர்ட் முறைகளான டிஐஎஸ் (ஐஈஈஈ 1278), ஹெச்எல்ஏ (ஐஈஈஈ 1516) ரெண்டுமே உள்ள இருக்கிற மாடல் கோட்ல எங்கயும் வரக்கூடாது. முதல்ல டிஐஎஸ் எடுங்க, ஹெச்எல்ஏ மாதிரி நடுவுல ஆர்டிஐ (சிமுலேட்டர்களுக்கு இடையில தகவலைக் கடத்துற சாஃப்ட்வேர்) ஓட வேண்டாம், ஓப்பன்-டிஐஎஸ் லைப்ரரி இலவசம், பாக்கெட்டை வயர்ஷார்க்லயே பிரிச்சுப் பாத்துக்கலாம், எனக்கு அது இல்லாம வேலையே ஓடாது.

ஸ்டெப் 3: இங்கதான் நிதானம் வேணும். டிஐஎஸ்ல இடம்னா பூமியோட மையத்துல இருந்து எக்ஸ், ஒய், இசட் மீட்டர்ல. அது சுலபம். திசையும் அதே பூமி அச்சுகளை வச்சுத்தான், அதனால உங்க ஹெட்டிங்கை (வண்டி பாக்கிற திசை) அப்படியே சை கோணத்துல (டிஐஎஸ்ல திசையைச் சொல்ற சை, தீட்டா, ஃபைங்கிற மூணு கோணத்துல முதலாவது) போட்டா வண்டி மறுபக்கம் ஸ்க்ரீன்ல கவுந்து கிடக்கும். வண்டியில இருந்து உள்ளூர் தரைக்கு ஒரு மேட்ரிக்ஸ், தரையில இருந்து பூமி அச்சுக்கு இன்னொண்ணு, ரெண்டையும் பெருக்கி அதுல இருந்து கோணத்தை எடுங்க. சரியா வந்துச்சான்னு பாக்க ஒரு டெஸ்ட்: அட்சரேகை 0, தீர்க்கரேகை 0, சமதரையில கிழக்கு பாத்து நிக்கிற வண்டிக்கு சை 90, தீட்டா 0, ஃபை -90 டிகிரி வரணும். பாக்கெட்ல போடும்போது ரேடியனா மாத்திடுங்க. இந்த ஃபங்ஷன் அடாப்டர்ல ஒரே இடத்துல இருக்கட்டும், அடுத்த ப்ராஜெக்ட்டுக்கு அப்படியே போகும்.

ஸ்டெப் 4: டெட் ரெக்கனிங், அதாவது கடைசியா வந்த இடம், வேகத்தை வச்சு வண்டி இப்ப எங்க இருக்கும்னு ஊகிக்கிறது. எதிர்ல இருக்கிறவங்க ஊகிக்கிற இடத்தை நீங்களும் கணக்குப் போட்டு, நிஜத்தோட வித்தியாசம் 1 மீட்டரையோ 3 டிகிரியையோ தாண்டினா மட்டும் அனுப்புங்க. இந்த நம்பரும் கான்ஃபிக்லதான்.

அப்டேட்: நிறுத்தி வச்ச வண்டி கொஞ்ச நேரத்துல காணாமப் போகுதுன்னு சிலர் கேட்டிருந்தாங்க. அசையாத வண்டிக்கும் 5 செகண்டுக்கு ஒரு தடவை பாக்கெட் போகணும், டீஃபால்ட்டா 12 செகண்ட் சத்தமே இல்லன்னா வாங்குறவங்க அதை லிஸ்ட்ல இருந்து எடுத்துடுவாங்க.