ஸ்பேனரை எடுக்கும் முன்: காரின் எடையைக் குறைப்பவர்கள் செய்யும் தவறுகள்

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம் வரை போய்வருபவர்களுக்கு ஒரு கட்டத்தில் அந்த ஆசை வந்துவிடும். இந்தக் கார் இன்னும் கொஞ்சம் லேசாக இருந்தால் எப்படி ஓடும்? நல்ல ஆசைதான். எஞ்சினில் கைவைப்பதைவிட எடையைக் குறைப்பதையே நான் எப்போதும் ஆதரிப்பேன். சக்தியைக் கூட்டினால் வேகம் பிடிப்பது மட்டும்தான் மேம்படும். எடை குறைந்தால் வேகம் பிடிப்பது, நிற்பது, திரும்புவது மூன்றும் மேம்படும். டயரும் பிரேக் பேடும் கூடுதல் நாள் உழைக்கும். 105 குதிரைத்திறன் கொண்ட 1,100 கிலோ காரில் 60 கிலோ குறைத்தால், ஏறக்குறைய 6 குதிரைத்திறன் சேர்த்ததற்குச் சமம்.

ஆனால் ஒரே நாளில் கைக்கு எட்டியதையெல்லாம் கழற்றிப் போட்டுவிட்டு, ஆறு மாதம் கழித்து அந்தக் காரை அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிட்டவர்களையும் பார்த்திருக்கிறேன். அவர்கள் கேட்கத் தவறிய கேள்வி ஒன்றுதான்: இந்த எடை இங்கே எதற்காக இருக்கிறது?

தொடக்கத்திலேயே நடக்கும் தவறு, நிறுக்காமல் கழற்றுவது. லாரிகளை நிறுக்கும் எடை மேடையில் ஏற்றிப் பார்த்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அந்த மேடைகள் டன் கணக்கில் நிறுப்பதற்காக அமைக்கப்பட்டவை. எட்டு கிலோ வித்தியாசத்தை அவற்றிடம் எதிர்பார்க்க முடியாது. அங்கே காரின் மொத்த எடையை ஒருமுறையும், முன்சக்கரங்களை மட்டும் ஏற்றி ஒருமுறையும் குறித்துக்கொள்ளுங்கள். அதன்பின் கழற்றும் ஒவ்வொரு பொருளையும் வீட்டுத் தராசில் நிறுத்து நோட்டில் எழுதுங்கள்.

எழுத ஆரம்பித்தால் ஓர் உண்மை புலப்படும். டிக்கியில் கிடக்கும் 20 லிட்டர் தண்ணீர் கேன் மட்டுமே 20 கிலோவுக்கு மேல். முழு டேங்க் பெட்ரோல், 40 லிட்டர் என்று வைத்துக்கொண்டால், சுமார் 30 கிலோ. உடன் வரும் மூன்று நண்பர்கள் 200 கிலோ. ஒரு போல்ட்டைக்கூடத் தொடாமல் குறைக்கக்கூடிய எடை இது. அதற்காக டேங்கை வற்றவிட்டு ஓட்டாதீர்கள். பெட்ரோல் பம்ப் டேங்குக்குள்ளேயே இருக்கிறது, பெட்ரோலில் மூழ்கித்தான் அது சூடு தணிகிறது. வளைவில் பெட்ரோல் ஒருபுறம் ஒதுங்கினால் எஞ்சின் திணறவும் செய்யும். அரை டேங்க் நல்ல அளவு.

இனி, நானே செய்த தவறு. காரின் தரையில் கம்பளத்துக்கு அடியில் தார் போன்ற கறுப்பு ஷீட்டுகள் ஒட்டப்பட்டிருக்கும். இரைச்சலையும் அதிர்வையும் அடக்குவதுதான் அவற்றின் வேலை. உலர் பனிக்கட்டியை (டிரை ஐஸ்) பரப்பி ஷீட்டுகளை இறுக வைத்து, ரப்பர் சுத்தியலால் தட்டினால் தகடு தகடாகப் பெயர்ந்து வரும். அந்த உற்சாகத்தில், தகரமும் தகரமும் சேரும் இணைப்புகளில் பூசியிருந்த சீலன்ட்டையும் சுரண்டி எடுத்துவிட்டேன். இரண்டும் பார்க்க ஒரே மாதிரிதான் இருந்தன. ஆனால் சீலன்ட் என்பது தண்ணீர் உள்ளே வராமல் காக்கும் அடைப்பு. ஐப்பசி மழையில் தெருவில் முழங்காலளவு தண்ணீர் நின்றபோது காருக்குள் ஈரம் ஏறியது. தை பிறப்பதற்குள் இணைப்புகளில் துரு பூத்திருந்தது. மிச்சப்படுத்திய எடை அரை கிலோகூட இருக்காது. டிங்கரிங் பட்டறையில் அதற்குக் கொடுத்த விலை அதிகம். உப்புக் காற்றும் ஈரமும் சேர்ந்த இந்த ஊரில், வெறும் தகரத்தை ஒரு நாள்கூட வெளியே காட்டக் கூடாது. சக்கர வளைவுக்குள் இருக்கும் பிளாஸ்டிக் மறைப்பையும், எஞ்சினுக்குக் கீழே இருக்கும் தட்டையும் கழற்றுகிறவர்களுக்கும் இதையே சொல்வேன். அவை தேங்கிய நீரையும் சேற்றையும் தடுப்பதற்காக இருப்பவை.

அடுத்தது ஏ.சி. கம்ப்ரசர், கண்டன்சர், குழாய்கள் எல்லாம் சேர்த்தால் 15 முதல் 20 கிலோ வரை குறையும், அதுவும் காரின் மூக்கிலிருந்து. காகிதத்தில் பார்த்தால் ஆசை காட்டும் கணக்கு. ஆனால் சென்னை தட்டையான ஊர். வளைவுகள் வேண்டுமென்றால் தேடிப்போக வேண்டும். தமிழ்ப் புலவர்கள், வள்ளல்களின் பெயர் சூட்டப்பட்ட ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளை ஓட்டிப் பார்க்க, முதலில் 200 கிலோமீட்டருக்கு மேல் நெடுஞ்சாலையில் போக வேண்டும். சித்திரை வெயிலில் ஏ.சி. இல்லாமல், தரை ஷீட்டும் இல்லாமல், சைலன்சர் குழாயின் சூடு பாதத்தில் ஏற அங்கே போய்ச் சேர்பவர் முதல் வளைவுக்கு முன்பே களைத்திருப்பார். களைத்த ஓட்டுநரின் தாமதத்தை 20 கிலோ ஈடுகட்டாது. மழையில் கண்ணாடியில் படியும் மூட்டத்தை விரைவாக நீக்குவதும் ஏ.சி.தான். அதை விட்டுவிடுங்கள்.

இதுவரை சொன்னவை சிரமங்கள். இனிச் சொல்வது ஆபத்து. நம் ஊர் ஹேட்ச்பேக்குகள் பெரும்பாலும் முன்சக்கரங்களால் இழுக்கப்படுபவை. எடையில் அறுபது விழுக்காட்டுக்கு மேல் முன்னால் இருக்கும். கழற்ற எளிதான பொருள்களோ பின்னால் இருக்கின்றன: பின்சீட், ஸ்டெப்னி, ஜாக்கி, டிக்கி மறைப்பு. 1,050 கிலோ காரில் 62 விழுக்காடு முன்னால் என்றால் முன்சக்கரங்களின் மேல் 651 கிலோ, பின்சக்கரங்களின் மேல் 399. பின்பக்கம் 45 கிலோவைக் கழற்றினால் பின்னால் 354 கிலோதான் மிஞ்சும். முன்பக்கப் பங்கு ஏறக்குறைய 65 விழுக்காடாகிவிடும். கார் லேசாகிவிட்டது, ஆனால் மூக்கு இன்னும் கனமாகிவிட்டது. கடுமையாகப் பிரேக் போடும்போது பின்சக்கரங்களுக்குப் பிடிப்பு குறையும். ஈரச் சாலை வளைவில் ஆக்சிலரேட்டரிலிருந்து சட்டென்று காலை எடுத்தால் வால் வெளியே வீசும். பின்பக்கம் சற்று எழுவதால் இரவில் முகப்பு விளக்கின் ஒளியும் முன்பைவிடக் கிட்டத்தில் விழும். பின்னால் எடுத்தால் முன்னாலும் எடுக்க வேண்டும், அல்லது பின்னால் எடுப்பதை அளவோடு நிறுத்த வேண்டும்.

செலவு செய்வதென்றால் சக்கரத்தில் செய்யுங்கள். சஸ்பென்ஷனுக்கு, அதாவது காரைத் தாங்கும் ஸ்பிரிங் அமைப்புக்கு, கீழே தொங்கும் ஒவ்வொரு கிலோவும் மேடுபள்ளத்தில் டயரைச் சாலையிலிருந்து உதறுகிறது. டயரின் விளிம்பில் இருக்கும் எடையோ, உருட்டவும் வேண்டும் சுழற்றவும் வேண்டும் என்பதால், வேகம் பிடிக்கும்போது ஏறக்குறைய இரு மடங்காகக் கணக்காகிறது. ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக் கடைகளில் பலர் வாங்குவதோ நேர்மாறானது: 15 அங்குலத்திலிருந்து 17 அங்குலத்துக்குத் தாவும், பார்க்க மெல்லியதாகவும் தூக்கினால் கனமாகவும் இருக்கும் வார்ப்பு அலாய் வீல். வாங்கும் முன் பழையதையும் புதியதையும் தராசில் வையுங்கள். தயங்கும் கடைக்காரரிடம் வாங்க வேண்டாம். சக்கரத்தில் தாங்குதிறன் பொறித்திருக்கிறதா என்றும் பாருங்கள். எடை குறைவு என்பதற்காக வாங்கும் தரமற்ற சக்கரம், சாலை மட்டத்துக்கு மேலே நிற்கும் ஒரு பாதாளச் சாக்கடை மூடியில் விரிசல் விட்டுவிடும்.

தொடவே கூடாதவை சில உண்டு. கதவுக்குள் இருக்கும் இரும்புக் கம்பி, பம்பருக்குப் பின்னால் இருக்கும் குறுக்குச் சட்டம், ஏர்பேக், சீட் பெல்ட். இவை மோதலில் உங்கள் விலா எலும்புக்குப் பதிலாக நசுங்கவும், உங்களைப் பிடித்து நிறுத்தவும் இருப்பவை. கண்ணாடிக்குப் பதில் பாலிகார்பனேட் பொருத்துவதும் சாலைக்கு ஆகாது. வைப்பர் ஓடிய சில நாளில் கீறல் விழுந்து எதிர் வெளிச்சத்தில் கண் கூசும். இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தில் பார்த்த காரை அப்படியே நகலெடுக்க நினைப்பவர்கள், அந்தக் கார்களில் ஓட்டுநரைச் சுற்றி எஃகுக் கூண்டு இருப்பதையும், அவர் தலைக்கவசம் அணிந்திருப்பதையும் கவனிக்க வேண்டும். தலைக்கவசம் இல்லாமல் சாலையில் அந்தக் கூண்டு தலைக்கே எமன்.

சட்டமும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறாக வாகனத்தை மாற்றக் கூடாது என்கிறது. 2019-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. ஆர்.சி.யில் ஐந்து இருக்கை என்றிருக்க, பின்சீட் இல்லாமல் தினமும் ஓட்டினால் காவலரிடம் மட்டுமல்ல, விபத்துக்குப் பின் காப்பீட்டு நிறுவனத்திடமும் பதில் சொல்ல வேண்டிவரும்.

நான் இப்போது செய்வது இதுதான். 3.7 கிலோமீட்டர் நீளமுள்ள இருங்காட்டுக்கோட்டைத் தடத்தில் ஓட்ட வாய்ப்புக் கிடைக்கும் நாளில் பின்சீட்டையும் ஸ்டெப்னியையும் அங்கேயே இறக்கி, நண்பரின் காரில் வைக்கிறேன். போல்ட்டுகளைப் பெயர் எழுதிய பைகளில் போடுகிறேன். கழற்ற இருபது நிமிடம், மாட்ட அரை மணி நேரம். மாலையில் எல்லாவற்றையும் மாட்டி, டயர் காற்றைச் சரிபார்த்து, ஏ.சி.யைப் போட்டுக்கொண்டு பூந்தமல்லி வழியாக வீடு திரும்புகிறேன்.