செல் பாடத்துல பசங்க திரும்பத் திரும்ப வழுக்குற இடங்கள்

ராயபுரத்துல எங்க வீட்டு மொட்டை மாடியில பதினொண்ணாவது பன்னெண்டாவது பசங்களுக்கு பயாலஜி டியூஷன் எடுக்கறேன். போன வாரம் செல் பாடத்துல டெஸ்ட் வச்சு பேப்பர் திருத்த உக்காந்தா, அந்த வயசுல நான் என்னென்ன தப்பு பண்ணேனோ அதே தப்பு, கிட்டத்தட்ட அதே வார்த்தையில. ஸ்பெல்லிங், பென்சில் சீவாம படம் போடறது, பாகம் குறிக்கற கோடு ஒண்ணு மேல ஒண்ணு போறது, இதெல்லாம் எல்லா டீச்சரும் சொல்லுவாங்க, நான் சொல்ல வரல. மண்டையில தப்பாவே உக்காந்துக்கற விஷயம் சிலது இருக்கு, அத மட்டும் எழுதறேன்.

வெங்காயத்துல பச்சை தேடாதீங்க

வெங்காயத்த உரிச்சு அந்த மெல்லிசு தோல எடுத்து சாஃப்ரனின் சாயம் ஒரு சொட்டு விட்டு மைக்ரோஸ்கோப்ல வைப்போம். பசங்க ஒரு நிமிஷம் கண்ண வச்சுட்டு, நோட்ட எடுத்து புத்தகத்துல இருக்கற தாவர செல்ல அப்படியே வரைஞ்சு, உள்ள நாலு பசுங்கணிகமும் (வெயில்ல சாப்பாடு செய்யற பச்சைத் துகள்) போட்டு பச்சை கலரும் அடிச்சிடறாங்க. வெங்காயம் மண்ணுக்குள்ள இருக்கு, வெயில் படாத அந்தத் தோல்ல பசுங்கணிகம் கிடையாது. நீங்க பாத்தது செங்கல் அடுக்கின மாதிரி நீளநீளமா சுவர், ஓரத்துல ஒதுங்கின உட்கரு (நியூக்ளியஸ்), அவ்ளோதான், அத வரைங்க. பசுங்கணிகம் பாக்கணும்னா ஹைட்ரில்லாங்கற தண்ணிச் செடியோட இலைய வைங்க, பச்சைப் புள்ளிங்க ஓரமா நகர்றதே தெரியும். 1665ல ராபர்ட் ஹூக் தக்கைய சீவிப் பாத்தப்ப அவர் கண்ணுக்கு தெரிஞ்சது காலி அறைங்க, செத்த செல்லோட சுவர் மட்டும், அவரும் அத மட்டும்தான் வரைஞ்சாரு. உட்கருவுக்கு ராபர்ட் பிரவுன் பேர் வச்சது 1831ல. கண்ணுல படாதத வரையறது பிராக்டிகல் இல்ல.

செடிக்கு மைட்டோகாண்ட்ரியா கிடையாதா?

இருக்கு. பசுங்கணிகம் சர்க்கரை செய்யும், அந்த சர்க்கரைலேர்ந்து ராப்பகலா சக்தி எடுக்க செடிக்கும் மைட்டோகாண்ட்ரியா வேணும்.

செறிவுன்னா எதோட செறிவு?

இதுதான் எனக்கு இன்னிக்கும் சுர்ருன்னு ஏத்தற தப்பு. 22 பேர்ல 17 பேர் இப்படி எழுதியிருக்காங்க: "சவ்வூடு பரவல் என்பது செறிவு அதிகமான இடத்திலிருந்து செறிவு குறைவான இடத்துக்கு நகர்வது." எது நகருது? எதோட செறிவு? ரெண்டுமே அந்த வரியில இல்ல. சாதாரண பரவலுக்கு மனப்பாடம் பண்ண வரிய தூக்கிட்டு வந்து இங்க ஒட்டிட்டாங்க. அடுத்த கேள்வி, செல்ல கெட்டியான உப்புக்கரைசல்ல போட்டா என்ன ஆகும்? வெளிய செறிவு ஜாஸ்தி, உள்ள கம்மி, அதனால வெளியேருந்து தண்ணி உள்ள போயி செல் உப்பிடும்னு எழுதறாங்க. அப்படியே தலைகீழ்.

என்கிட்ட படிக்கற ஒரு பையனோட ஆயா காசிமேட்டுல கருவாடு போடறவங்க. சுறாவ துண்டம் போட்டு உப்பு வச்சு டப்புல அடுக்கினா, மறுநாள் டப்புக்கு அடியில தண்ணி தேங்கி நிக்கும், அவன் பொறந்ததுலேர்ந்து பாக்கற காட்சி. அந்தத் தண்ணி எப்படிடா வந்துச்சுன்னேன். "உப்பு கரைஞ்சு தண்ணி ஆயிடுச்சுக்கா." உப்பு கரையறதுக்கே தண்ணி வேணுமே, ஆயா ஒரு சொட்டு ஊத்தலையே, அப்ப எங்கேருந்து வந்துச்சு? கொஞ்ச நேரம் பேசாம இருந்தான், அப்புறம் மெதுவா "மீன்லேர்ந்தா?"ன்னான். மீன்லேர்ந்துதான். உப்பு ஜாஸ்தியா இருக்கற பக்கம் தண்ணி போகுது. உப்பும் கொஞ்சம் கொஞ்சமா மீனுக்குள்ள ஏறும், கருவாடு கரிக்கறது அதனாலதான், ஆனா மொதல்ல அந்தத் தண்ணி எந்தப் பக்கம் போச்சுன்னு புரிஞ்சுக்கணும்.

இதுக்கு நான் இவ்ளோ கோவப்படறதுக்கு காரணம் இருக்கு. டிப்ளமா முடிச்சுட்டு ஒரு லேப்ல ட்ரெயினியா இருந்தேன். பிளட் குரூப் பாக்க ரத்தத்த சலைன்ல, அதாவது அளவா உப்பு கலந்த தண்ணில, கலக்கி வைக்கணும். அன்னிக்கு சலைன் பாட்டில் காலி, பக்கத்துல டிஸ்டில்ட் வாட்டர் இருந்துச்சு, இதுவும் தண்ணிதானே, உப்பு வேற இல்ல, வெளிய செறிவு கம்மி, கம்மியான இடத்துலேர்ந்து எதுவும் உள்ள போகாதுன்னு மனசுல ஒரு கணக்கு, ஸ்கூல்ல நான் மனப்பாடம் பண்ண அதே மொட்டை வரி போட்ட கணக்கு. ஊத்திட்டேன். சலைன்ல கலக்கின ரத்தம் கலங்கலா இருக்கும், டியூபுக்குப் பின்னாடி பேப்பர் வச்சா எழுத்து தெரியாது. இது பாத்துட்டு இருக்கும்போதே தெளிஞ்சு செவப்பு கண்ணாடி மாதிரி ஆயிடுச்சு, பின்னாடி இருந்த ரெஜிஸ்டர்ல எழுதினது தெரியுது. அத்தனை சிவப்பணுவும் தண்ணிய இழுத்து வெடிச்சு உள்ள இருந்த ஹீமோகுளோபின் வெளிய கொட்டிடுச்சு. எடுத்ததே கொஞ்சம் ரத்தம், மிச்சம் இல்ல. ஒரு வயசுக் குழந்தை, திரும்பவும் நரம்பு தேடி குத்த வேண்டியதாப் போச்சு. அந்த அம்மா குழந்தையோட கைய இறுக்கிப் புடிச்சுட்டு என்னையே பாத்தாங்க. அந்தப் பார்வைய நான் மறக்கல.

அதனால என் கிளாஸ்ல சவ்வூடு பரவல் எழுதும்போது "செறிவு"ங்கற வார்த்தைய தனியா விடக்கூடாது. கரைபொருளோட செறிவா, தண்ணியோட செறிவா, முன்னாடி பேர் போடணும். நகர்றது தண்ணி, உப்பையோ சர்க்கரையையோ லேசுல விடாத ஒரு சவ்வு வழியா, கரைபொருள் கம்மியா இருக்கற பக்கத்துலேர்ந்து ஜாஸ்தியா இருக்கற பக்கத்துக்கு. நார்மல் சலைன் 0.9 சதவீதம், அதாவது 500 மில்லி பாட்டில்ல 4.5 கிராம் உப்பு. அந்த அளவுல சிவப்பணு சுருங்கவும் செய்யாது, உப்பவும் செய்யாது. டிரிப்ஸ்ல வெறும் தண்ணிய ஏத்தாததும் இதுக்குத்தான்.

நீட்ல இந்தக் கேள்வி தப்பானா 4 மார்க் வராது, அதோட 1 போயிடும், மொத்தம் 5 மார்க் வித்தியாசம்.

சுவரும் சவ்வும் வேற வேற

இத வாயால சொல்லிப் புரிய வைக்க முடியாது, ரியோங்கற அழகுச் செடியோட இலைதான் வழி. இலைக்கு அடியில கத்திரிப்பூ கலர்ல இருக்கற தோல உரிச்சு தண்ணில வச்சா ஒவ்வொரு கட்டமும் கலர் நெறஞ்சு இருக்கும். ஓரத்துல கெட்டியான உப்புக்கரைசல ஒரு சொட்டு விட்டு, அந்தப் பக்கம் ஃபில்டர் பேப்பரால இழுங்க. கொஞ்ச நேரத்துல கலர் மட்டும் சுவர விட்டு விலகி நடுவுல சுருண்டு நிக்கும், கட்டம் அப்படியே இருக்கும். அசையாத அந்தக் கட்டம் சுவர், சுருங்கின கலரோட விளிம்புதான் சவ்வு. ரொம்ப நேரம் விடாம திரும்ப தண்ணி விட்டா கலர் மறுபடி விரிஞ்சு சுவர்ல போய் ஒட்டிக்கும். எவ்ளோ தண்ணி விட்டாலும் இந்த செல் வெடிக்காது, சுவர் தாங்கும். சிவப்பணுவுக்கு சுவர் இல்ல.

50ம் 30ம் சேந்தா 70 எப்படி?

பாக்டீரியாவோட ரைபோசோம், அதாவது செல்லுக்குள்ள புரதம் செய்யற துகள், 70 எஸ்; அதோட ரெண்டு துண்டு 50 எஸ், 30 எஸ். கூட்டாதீங்க. அந்த எஸ் எடை இல்ல, வேகமா சுத்தும்போது எவ்ளோ சீக்கிரம் அடியில படியுதுங்கற அளவு, அது வடிவத்தையும் பொறுத்தது. ரெண்டு துண்டும் ஒட்டிக்கிட்டா தனித்தனியா படியற கணக்கு செல்லாது. இதுல அந்த 30 எஸ் துண்டோட அமைப்ப கண்டுபிடிச்ச வேலைக்குத்தான் நம்ம சிதம்பரத்துல பொறந்த வெங்கி ராமகிருஷ்ணனுக்கு, வேற ரெண்டு பேரோட சேத்து, 2009ல நோபல் கெடைச்சுது.

எல்லா செல்லுக்கும் உட்கரு?

நம்ம முதிர்ந்த சிவப்பணுவுல இல்ல.

குமிழிய வரைஞ்சிடாதீங்க

மைக்ரோஸ்கோப்ல கறுப்பா தடியா விளிம்போட பளிச்சுன்னு வட்டமா தெரிஞ்சா அது செல் இல்ல, காத்துக் குமிழி. கவர் ஸ்லிப்ப மேலேருந்து பொத்துன்னு போட்டா குமிழி மாட்டும், ஒரு ஓரத்த மொதல்ல தண்ணில தொட்டு, இன்னொரு பக்கம் ஊசியால தாங்கிப் புடிச்சு மெதுவா சாய்ச்சு இறக்குங்க.