ஒரே சேலை இரண்டு தடவை வந்தால்: ஆரக்கிள் ஆப்ஜெக்ட் டைப்பில் இரட்டை வரிகளைப் பிடிப்பது

சித்திரைத் திருவிழாக் கொடியேற்றத்துக்கு நாலு நாள் இருக்கும்போது மதுரை விளக்குத்தூண் பக்கத்து சுங்குடிச் சேலை மொத்தக் கடையிலிருந்து முதலாளி போன் போட்டார். சுற்றி வளைத்துப் பேசுகிற ஆள் இல்லை. "ஏம்மா, 1147-ஆம் பில்லு பதினெட்டாயிரத்து அறுவது ரூவா. ரிப்போர்ட்டு முப்பத்தாறாயிரத்துச் சொச்சம்ங்குது. வந்த பணம்னு அம்பத்துநாலாயிரத்தக் காட்டுது. இத நம்பி நான் எப்புடிச் சரக்கு எடுக்குறது?"

அந்தக் கடையின் ஆரக்கிள் டேட்டாபேஸை நான் பதினோரு வருஷமாகப் பார்க்கிறேன். நான் போய்ச் சேருவதற்குள், என்னிடம் வேலை பழகும் மேலூர்த் தம்பி ரிப்போர்ட்டின் க்வெரியில் (டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்வியில்) கை வைத்துவிட்டிருந்தான். "அக்கா, டிஸ்டிங்க்ட் போட்டுட்டேன். 18,060 கரெக்டா வருது பாருங்க" என்றான். சம் என்ற கூட்டலுக்குள், ஒரே மதிப்பு மறுபடி வந்தால் ஒரு தடவை மட்டும் எடுக்கச் சொல்லும் டிஸ்டிங்க்ட். 1147-க்குச் சரியாகத்தான் வந்தது. 1152-ஐ எடுக்கச் சொன்னேன். அது ஒரு சிவகங்கைக்காரர் வாங்கிய பத்தாயிரம் ரூபாய்ச் சரக்கு. காலையில் 5,000 ரொக்கம் கொடுத்தார், சாயங்காலம் 5,000 ஜிபேயில் போட்டார். டிஸ்டிங்க்ட் போட்ட ரிப்போர்ட், வரவு 5,000, பாக்கி 5,000 என்றது. முழுசாகக் கட்டின மனுஷனைக் கடன்காரனாக்கி வைத்திருந்தது.

ஆப்ஜெக்ட் டைப் (பல விவரங்களை ஒரே பொருளாகக் கட்டி வைக்கும் வகை) இருக்கிற க்வெரியில் இரட்டை வரி வந்தால் முதல் காரியமாக டிஸ்டிங்க்டைத் தேடிப் போகாதீர்கள் என்று நான் யாரிடமும் சொல்வது இதனால்தான். அது வரிகளைக் குறைக்கும், ஏன் கூடின என்று சொல்லாது. க்வெரி வரிகளைப் பெருக்கியிருக்கலாம். இரண்டு ஆப்ஜெக்ட் "ஒன்றுதான்" என்று ஆரக்கிளுக்குத் தெரியாமல் இருக்கலாம். டேட்டாவே இரண்டு தடவை ஏறியிருக்கலாம். மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு.

அந்தக் கடையின் அமைப்பு இதுதான். பில்கள் என்று ஒரு டேபிள். அதில் உருப்படிகள், வரவுகள் என்று இரண்டு நெஸ்டட் டேபிள் காலம்கள், அதாவது ஒரு கட்டத்துக்குள்ளேயே இன்னொரு டேபிளை வைக்கும் பத்திகள். ஒவ்வொரு உருப்படியும் ஓர் ஆப்ஜெக்ட், ஒவ்வொரு வரவும் ஓர் ஆப்ஜெக்ட். 1997-இல் ஆரக்கிள் 8 வந்தபோது அறிமுகமான வசதி இது. இன்று புதிதாக யாரும் பில்லிங்கை இப்படி அமைப்பது குறைவு, ஆனால் ஓடிக்கொண்டிருக்கிற பழைய அமைப்புகள் நிறைய. தவறு செய்த க்வெரியை இங்கே தமிழ் எழுத்திலேயே தருகிறேன்:

செலக்ட் ப.எண், சம்(உ.தொகை), சம்(வ.தொகை)
ஃப்ரம் பில்கள் ப, டேபிள்(ப.உருப்படிகள்) உ, டேபிள்(ப.வரவுகள்) வ
குரூப் பை ப.எண்

சாதாரண டேபிள்களை இப்படி கமா போட்டு அடுக்கினால், அவற்றை இணைக்கிற வேர் (WHERE) கண்டிஷன் எங்கே என்று கண் தானாகத் தேடும். டேபிள்() போட்டால் தேடாது. பில்லோடு அதன் உருப்படிகளை இணைப்பதற்குத் தனிக் கண்டிஷன் தேவையில்லை, 'ப.' என்ற முன்னொட்டே அந்த வேலையைச் செய்துவிடும். ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது. உருப்படிகளுக்கும் பில்லுக்கும் உறவு உண்டு, வரவுகளுக்கும் பில்லுக்கும் உறவு உண்டு. உருப்படிகளுக்கும் வரவுகளுக்கும் நடுவில் ஓர் உறவும் இல்லை. உறவில்லாத இரண்டை ஒரே ஃப்ரமில் நிறுத்தினால் ஆரக்கிள் ஒவ்வொன்றோடும் ஒவ்வொன்றையும் ஜோடி சேர்க்கும்.

இதைக் கண்ணால் பார்க்க வேண்டும். சம்மையும் குரூப் பையையும் எடுத்துவிட்டு, வேர் கண்டிஷனில் ஒரே ஒரு பில் எண்ணைக் கொடுத்து ஓட்டுங்கள். 1147-இல் 12 சேலை 650 வீதம் 7,800. 8 சேலை 720 வீதம் 5,760. 5 சேலை 900 வீதம் 4,500. மொத்தம் 18,060. வரவு முன்பணம் 10,000, மீதி 8,060. திரையில் வந்தது ஆறு வரி:

7,800 — 10,000
7,800 — 8,060
5,760 — 10,000
5,760 — 8,060
4,500 — 10,000
4,500 — 8,060

தம்பியிடம் கேட்டேன்: "இதுல ஒரு வரின்னா என்ன? ஒரு சேலையா, ஒரு வரவா?" கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "ரெண்டும் இல்லக்கா, ஜோடி" என்றான். அந்தப் பதிலுக்காகத்தான் காத்திருந்தேன். இந்தக் கேள்விக்கு ஒரு வார்த்தையில் பதில் சொல்ல முடியாத எந்த க்வெரியின் மேலும் சம் போடக்கூடாது.

எத்தனை மடங்கு என்பதும் ஒரு துப்பு. உருப்படித் தொகை இரண்டு மடங்கானது, ஏனென்றால் வரவு இரண்டு. வரவுத் தொகை மூன்று மடங்கானது, ஏனென்றால் உருப்படி மூன்று. முதலாளி போனில் சொன்ன முப்பத்தாறும் ஐம்பத்துநாலும் அப்படி வந்தவைதான். உங்கள் ரிப்போர்ட்டில் ஒரு தொகை சரியாக நாலு மடங்கு வந்தால், பக்கத்தில் நாலு உறுப்புகள் இருக்கிற நெஸ்டட் டேபிள் எது என்று பாருங்கள். ஆனால் இதை ஒற்றைப் பில்லில்தான் சோதிக்க முடியும். நூறு பில் கூடினால் மடங்குகள் ஒன்றோடொன்று கலந்து அடையாளம் தெரியாமல் போய்விடும்.

சரி செய்வது சுலபம். இரண்டு கூட்டலையும் ஃப்ரமிலிருந்து வெளியே எடுத்து, செலக்டுக்குள் தனித்தனிச் சப்க்வெரியாக வையுங்கள்:

செலக்ட் ப.எண்,
(செலக்ட் சம்(உ.தொகை) ஃப்ரம் டேபிள்(ப.உருப்படிகள்) உ),
(செலக்ட் சம்(வ.தொகை) ஃப்ரம் டேபிள்(ப.வரவுகள்) வ)
ஃப்ரம் பில்கள் ப

இப்போது ஒரு வரி என்றால் ஒரு பில். இன்னொரு லாபமும் உண்டு. பழைய க்வெரியில் ஒரு பைசாகூட வரவு இல்லாத பில்கள் ரிப்போர்ட்டிலேயே இல்லை, ஏனென்றால் காலியான நெஸ்டட் டேபிள் ஜோடி சேர ஆளில்லாமல் பில்லையும் சேர்த்து மறைத்துவிடும். முழுப் பாக்கிக்காரர்கள் யாரும் பட்டியலில் வரவில்லை என்பதை அன்றைக்கு வரை ஒருவரும் கவனிக்கவில்லை. ஃப்ரமில் வைத்தே ஆக வேண்டும் என்றால் டேபிள்(ப.வரவுகள்) என்பதற்குப் பின்னால் அடைப்புக்குறிக்குள் ஒரு கூட்டல் குறி போடுங்கள், காலியான பில்லும் வரும். உறுப்புகளை எண்ணினால் போதும் என்றால் கார்டினாலிட்டி() ஃபங்ஷன் இருக்கிறது, ஜாயினே வேண்டாம்.

அடுத்தது இருப்புப் பட்டியல். கடையில் என்னென்ன ரகம் இருக்கிறது என்று கேட்டால் ஒரே ரகம் மூன்று தடவை வருகிறது என்று கல்லாவில் இருக்கிற அக்கா ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். இங்கே ஜோடி எதுவும் இல்லை. சரக்கு என்ற ஆப்ஜெக்டின் மேல் டிஸ்டிங்க்ட் போட்ட க்வெரி. இங்கே டிஸ்டிங்க்ட் நியாயமானதுதான். ஆனால் எது எதற்குச் சமம் என்று அதற்கு யார் சொல்லிக் கொடுத்தது?

ஆப்ஜெக்ட் டைப்பில் எதுவும் எழுதாமல் விட்டால், இரண்டு ஆப்ஜெக்டைச் சமக்குறி போட்டு ஒப்பிடலாம், உள்ளே இருக்கிற ஒவ்வொரு ஆட்ரிபியூட்டாக (விவரமாக)ப் பார்த்துச் சொல்லும். டிஸ்டிங்க்டோ ஆர்டர் பையோ போட்டால் ஓஆர்ஏ-22950 என்ற எரரோடு நின்றுவிடும். மேப் மெதட் (ஆப்ஜெக்டை ஒப்பிடத்தக்க ஒரே மதிப்பாக மாற்றித் தரும் ஃபங்ஷன்) அல்லது ஆர்டர் மெதட் எழுதினால்தான் நகரும். இந்தக் கடையில் முன்பு யாரோ அந்த எரர் போனால் போதும் என்று நிறம், கரை, வேலை, விலை நாலையும் ஒட்டி ஒரே சரமாகத் திருப்பித் தரும் மேப் எழுதியிருந்தார்கள். சாய விலை ஏறி 650 ரூபாய்ச் சேலை 680 ஆனதும் அதே சேலை இரண்டு ரகமாகிவிட்டது.

எது ஒரே ரகம் என்பதை நாம் தீர்மானிக்கக் கூடாது. அக்காவிடம் கேட்டேன். "வெல மாறுனா அதே சேலதான். ஆனா கையில முடிச்சுப் போட்டதையும் அச்சடிச்சதையும் ஒண்ணாச் சேத்துராதீக" என்றார். மதுரை சுங்குடிக்கு 2005-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. முடிச்சுக்காரர் விரல் வலிக்கப் போட்ட ஆயிரக்கணக்கான முடிச்சை ஒரு மேப் மெதட் அச்சுச் சேலையோடு கலந்துவிட்டால் அது வெறும் கணக்குப் பிழை அல்ல. ஆக, விலையை எடுத்தோம், வேலையை வைத்தோம். நடுவில் ஒரு செங்குத்துக் கோடும் சேர்த்தோம். பிரிப்புக் குறி இல்லாமல் ஒட்டினால் "1", "12" என்பதும் "11", "2" என்பதும் "112" ஆகிவிடும், வேறு வேறு ரகங்கள் ஒன்றாகிவிடும்.

மூன்று இரண்டானது. ஒன்றாகவில்லை. கைக்கட்டு, பச்சைக் கரை, ரோஜா நிறம் இன்னும் இரண்டு தடவை நின்றது. ட்ரிம் போட்டேன், முன்பின் வெற்றிடம் எதுவும் இல்லை. இரண்டு ரோஜாவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து உற்றுப் பார்த்தாலும் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. லெங்த்() போட்டதும் ஒன்று 4 குறி, இன்னொன்று 5 குறி. லெங்த்பி() போட்டால் 12 பைட், 15 பைட்.

தமிழில் டேட்டா வைத்திருக்கிற எல்லோரும் இதைத் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும். 'ரோ'வில் இருக்கிற ஓகாரக் குறியை யூனிகோடில் இரண்டு விதமாக எழுத முடியும். ஒரே குறியாக எழுதலாம், முன்னால் வரும் இரட்டைக் கொம்பும் பின்னால் வரும் காலும் தனித்தனிக் குறியாகவும் எழுதலாம். திரையில் ஒன்றுபோலவே தெரியும். ஆரக்கிளுக்கு இரண்டும் வேறு சரம். பழைய மென்பொருளிலிருந்து மாற்றிக் கொண்டுவந்த சரக்கெல்லாம் பிரிந்த எழுத்தில் இருந்தது, புதிதாகத் தட்டியதெல்லாம் சேர்ந்த எழுத்தில் இருந்தது.

இதற்கு ஆரக்கிளில் கம்போஸ்() என்று ஒரு ஃபங்ஷன் இருக்கிறது. பிரிந்ததைச் சேர்த்துத் தரும். மேப் மெதடுக்குள்ளேயே போட்டுவிடலாம். ஆனால் நான் பில் பில்லாகச் சுற்றி டேட்டாவையே திருத்தினேன், உள்ளே நுழைகிற இடத்திலும் கம்போஸ் வைத்தேன். தேடுகிற க்வெரி ஒவ்வொன்றிலும் அதை ஞாபகமாகப் போட யாராலும் முடியாது. அதுவும் எல்லாவற்றையும் தீர்க்காது. சௌராஷ்டிரா என்று முகவரியில் வரும்போது, சிலர் ஔகாரக் குறியைப் போடாமல் ஒற்றைக் கொம்பும் ளகரமுமாகத் தட்டி 'செள' என்று வைத்திருப்பார்கள். அது உண்மையிலேயே வேறு எழுத்து, கம்போஸ் அதைத் தொடாது. அந்த முகவரிகளைக் கையால்தான் திருத்தினோம்.

இன்னும் இரண்டு இடத்தில் இரட்டிப்பு வரும், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இரண்டு நெஸ்டட் டேபிள்களை மல்டிசெட் யூனியன் போட்டுச் சேர்த்தால் இரண்டிலும் இருப்பது இரண்டு தடவை வரும். எஸ்க்யூஎலின் சாதாரண யூனியன் இரட்டையை நீக்கும், மல்டிசெட் யூனியன் சொல்லாமல் நீக்காது. மல்டிசெட் யூனியன் டிஸ்டிங்க்ட் என்று எழுத வேண்டும், அல்லது விடையை செட்() ஃபங்ஷனுக்குள் போட வேண்டும். மற்றது, ஒரு டைப்புக்குக் கீழே இன்னொரு டைப் இருக்கும்போது. எங்களிடம் வாடிக்கையாளர் என்ற டைப்பும் அதன் கீழே மொத்த வியாபாரி என்ற டைப்பும் உண்டு. 'இஸ் ஆஃப் வாடிக்கையாளர்' என்றால் மொத்த வியாபாரியும் அதற்குள் அடக்கம். மொத்த வியாபாரிகளைத் தனியாக எடுத்து யூனியன் ஆல் போட்டால் அவர்கள் இரண்டு தடவை வருவார்கள். 'இஸ் ஆஃப் ஒன்லி வாடிக்கையாளர்' என்று எழுதினால் போதும்.

இவ்வளவுக்கும் பிறகு இரட்டை மிச்சமிருந்தால் டேட்டாவிலேயே இருக்கிறது என்று அர்த்தம். நெஸ்டட் டேபிளின் வரிகள் தனியாக ஒரு ஸ்டோரேஜ் டேபிளில்தான் உட்கார்ந்திருக்கின்றன, எந்தப் பில்லுக்குச் சொந்தம் என்பதை நெஸ்டட்_டேபிள்_ஐடி என்ற மறைவான காலம் (பத்தி) சொல்லும். நாமாகக் கேட்காவிட்டால் அங்கே தனித்துவத்தை யாரும் காவல் காக்க மாட்டார்கள். அந்த ஐடியையும் உருப்படியின் வரிசை எண்ணையும் சேர்த்து, ஒரே ஜோடி இரண்டு தடவை வர விடாத ஒரு யூனிக் இண்டெக்ஸ் போடச் சொன்னேன். தம்பி போட்டான், ஓஆர்ஏ-01452 வந்தது: ஏற்கெனவே இரட்டை இருக்கிறது, இண்டெக்ஸ் போட முடியாது. அந்த எரர் வந்தால் சந்தோஷப்படுங்கள், இண்டெக்ஸ் உங்களுக்காகத் தேடிக் கொடுத்திருக்கிறது. இரண்டு காலத்தையும் குரூப் பை செய்து ஹேவிங்கில் ஒன்றுக்கு மேல் என்று கேட்டோம். மூன்று பில். மூன்றும் ஒரே ராத்திரி. கரண்டு போய்த் திரும்ப வந்ததும் இம்போர்ட்டை யாரோ முதலிலிருந்து மறுபடி ஓட்டியிருக்கிறார்கள்.

அந்த மூன்றையும் நீக்குவதற்கு முன் அக்கா சிட்டையைக் கொண்டுவந்து பிரித்தார். அவர் ஒவ்வொரு பில் எண்ணாக வாசித்தார், தம்பி திரையைப் பார்த்துத் தொகையைச் சொன்னான், ஒத்து வந்ததற்கெல்லாம் நான் பென்சிலில் டிக் அடித்தேன். இண்டெக்ஸ் ஏறியபோது மணி ஒன்பது ஆகியிருந்தது. 1147, பதினெட்டாயிரத்து அறுபது. 1152, சிவகங்கைக்காரர், பாக்கி பூஜ்யம்.