இங்க் பேனாவைத் தமிழில் எழுதிப் பார்த்து வாங்குங்கள்

மதுரை டவுன்ஹால் ரோட்டுக் கடையில் பேனாவைக் கையில் வாங்கியதும் வெறும் கையெழுத்துப் போட்டுப் பார்த்தால் போதாது. ‘ஞாயிறு’, ‘இணைப்பு’ என்று நாலு தடவை எழுதுங்கள். நிப்பு தடித்திருந்தால் ஞ, ணை, இ ஆகியவற்றின் சுழிகள் மையில் அடைந்துபோகும். நம் எழுத்துக்கு மெல்லிசாக எழுதும் ஃபைன் நிப்புதான் சரி என்பேன். சாதாரண நோட்டுத் தாளிலும் அதில் மை அவ்வளவாகப் பரவாது.

அப்புறம் மை. படம் வரையும் இந்தியன் இங்க்கை ஒருபோதும் ஊற்றாதீர்கள். அதில் சேரும் அரக்கு காய்ந்தால், நிப்புக்கு அடியில் மை இறங்கும் பாதையே அடைத்துவிடும். ஃபவுண்டன் பேனாவுக்கென்றே விற்கும் மை மட்டும் போடுங்கள்.

மதுரைச் சித்திரை வெயிலில் திறந்து வைத்த நிப்பு சீக்கிரம் காய்கிறது. எழுதாத நேரத்தில் மூடி, நிப்பு மேலே இருக்கும்படி நிறுத்துங்கள். மை மாற்றும்போது பச்சைத் தண்ணீரில் கழுவுங்கள். வெந்நீர் வேண்டாம், கெட்டி ரப்பரான எபோனைட்டில் செய்த பேனா நிறம் மங்கிவிடும்.