கட்டாய வாக்களிப்புப் பற்றி ஊரில் பயனுள்ள கலந்துரையாடல் நடத்துவது எப்படி?

வாக்களிப்பதைச் சட்டத்தினால் கட்டாயமாக்க வேண்டுமா என்று சனசமூக நிலையத்திலோ வாசிகசாலையிலோ பேச்செடுத்தால், ஒரு பகுதியினர் கடமை என்பர், மறுபகுதியினர் உரிமை என்பர், அத்துடன் கூட்டம் கலைந்துவிடும். யாழ்ப்பாணத்தில் இக்கேள்வியை ஆராய்வதற்கு இதைவிட நல்ல வழி உண்டு.

பக்கம் பிரிவதற்கு முன், வந்தவர்களுக்குத் துண்டுக் காகிதம் கொடுத்து, ஏதேனும் ஒரு தேர்தலில் வாக்களிக்காதிருந்தால் அதன் காரணத்தைப் பெயர் குறிப்பிடாமல் எழுதச் சொல்லுங்கள். பின்னர் அவற்றை வாசித்து, வாக்களிக்க முடியாமற் போனவர்கள், விரும்பாதவர்கள் என இரண்டு கட்டுகளாகப் பிரித்து வையுங்கள். "கொழும்பில் தனியார் கம்பனியில் வேலை, இரவு பஸ்ஸில் இடமில்லை", "வாக்காளர் இடாப்பில் பெயர் இல்லை", "அம்மாவை ஆஸ்பத்திரியில் வைத்திருந்தோம்" என்பன முதற்கட்டில் சேரும். தபால்மூல வாக்களிப்பு இங்கு பெரும்பாலும் அரச ஊழியருக்கும் பாதுகாப்புப் படையினருக்குமே கிடைப்பதாலும், வெளிநாட்டிலிருந்து வாக்களிக்க வழியில்லாததாலும், அந்தக் கட்டு நீங்கள் எதிர்பார்ப்பதைவிடத் தடிப்பாக இருக்கக்கூடும். இவர்களிடம் தண்டப்பணம் அறவிடுவது நியாயமா என்று சபையைக் கேளுங்கள்.

விரும்பாதவர்களின் கட்டை அவசரப்பட்டு அலட்சியம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். இங்கே நம்முடைய வரலாற்றைச் சற்று நிதானமாகப் பேச வேண்டும். சர்வசன வாக்குரிமை முதன்முதலாகக் கிடைத்த 1931ஆம் ஆண்டிலேயே, பிரித்தானியர் கொண்டுவந்த டொனமூர் அரசியலமைப்பு முழுச் சுயாட்சியைத் தரவில்லை என்று கூறி, யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் அன்றைய சட்டமன்றமான அரசாங்க சபைக்கான தேர்தலைப் புறக்கணிக்கச் செய்தது. குடாநாட்டின் நான்கு ஆசனங்களும் 1934 வரை வெறுமையாகக் கிடந்தன. வேட்புமனுவே தாக்கல் செய்யப்படாத அந்தத் தேர்தலில், கட்டாயச் சட்டம் இருந்திருந்தாலும் அது யாரை எங்கே வாக்களிக்க அனுப்பியிருக்கும்? 2005 சனாதிபதித் தேர்தலில் யாழ் மாவட்டத்தில் வாக்களித்தோர் நூற்றுக்கு இரண்டு பேர் கூட இல்லை. அன்று கொள்கையினால் வாக்களிக்காமல் நின்றவர்களையும் அச்சத்தினால் வாக்களிக்காமல் நின்றவர்களையும் வேறுபடுத்தி அறிய எந்த உத்தியோகத்தராலும் முடிந்திராது. வீட்டிலிருந்தவருக்குத் தண்டனை விதிக்கும் சட்டம், அப்படியான நாளில் மிகவும் நலிந்தவரையே முதலில் பிடிக்கும் என்பது என் உறுதியான எண்ணம். எனினும் மூத்தோர் பேச நேரம் விடுங்கள், அவர்கள் அந்த நாட்களில் வாழ்ந்தவர்கள்.

அதன் பிறகு வெளிநாட்டு உதாரணங்களுக்குச் செல்லலாம். அவுஸ்திரேலியாவில் 1922இல் நூற்றுக்கு 60ஐ எட்டாதிருந்த வாக்களிப்பு, 1924இல் சட்டம் வந்தபின் 1925இல் 91ஐத் தாண்டியது. ஆதரிப்பவர்களின் வலுவான சான்று இதுவே. அதை முழுமையாக முன்வைக்க விடுங்கள். ஆனால் அங்கே தண்டம் 20 டொலர் மட்டுமே என்பதையும், தேர்தல் சனிக்கிழமையில் நடப்பதையும், முன்கூட்டியும் தபாலிலும் வாக்களிக்கலாம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சிங்கப்பூரில் வாக்களிக்காதவரின் பெயர் இடாப்பிலிருந்து நீக்கப்படும். விண்ணப்பித்தே மீண்டும் சேர வேண்டும். நெதர்லாந்து 1970இல் கட்டாயத்தைக் கைவிட்டது. சிலி 2012இல் கைவிட்டுப் பத்து ஆண்டுகளின் பின் மீண்டும் ஏற்றுக்கொண்டது.

சட்டம் தெரிந்த ஒருவர் இருந்தால், இலங்கை அரசியலமைப்பின் 93ஆம் உறுப்புரையை வாசித்து விளக்கச் சொல்லுங்கள். வாக்களிப்பு சுதந்திரமாகவும் சமமாகவும் இரகசியமாகவும் இருக்க வேண்டும் என்கிறது அது. இரகசியம் காக்கப்படும் வரை, ஒருவர் வாக்களிப்பு நிலையத்துக்கு வந்தாரா என்பதை மட்டுமே அரசு அறியலாம். வெற்றுச் சீட்டைப் பெட்டியில் போட்டாரா என்பதை அறிய முடியாது. யாரையும் விரும்பவில்லை என்று குறிப்பதற்கு நமது வாக்குச்சீட்டில் இடமும் இல்லை. கட்டாயம் கேட்பவர்கள் இதற்கும் பதில் வைத்திருக்க வேண்டும்.

முடிவில் கைதூக்கிக் கணக்கெடுப்பதானால், கேள்வியை இரண்டாக்குங்கள்: இன்றைய நிலையில் கட்டாயம் வேண்டுமா, முதற்கட்டிலுள்ள தடைகள் நீங்கியபின் வேண்டுமா? இரண்டாவது கேள்விக்கே நான் தயக்கத்துடனாவது ஆம் என்பேன். கூட்டம் கலையுமுன், இடாப்பில் பெயர் இல்லாதவர்கள் கிராம அலுவலரிடம் சென்று பதியத் துணைபோக இரண்டு இளைஞர்களை நியமித்துவிடுங்கள்.