காம்போசிட் பல்லடைப்பு: துகள் கணக்கில் நேரும் பிழைகள்

மொரீஷியஸில், பல்லின் நிறத்தில் அடைக்கும் பசையான காம்போசிட்டுடன் வரும் தாள் பிரெஞ்சில் இருந்தால், ‘ஷார்ஜ்’ என்ற சொல்லைப் பார்த்து மின்னூட்டம் என்று நினைத்துவிட வேண்டாம். ரெசினில், அதாவது ஒளிபட்டு இறுகும் பிசினில், கலந்திருக்கும் கண்ணாடி, சிலிக்கா துகள்களுக்கே அந்தப் பெயர். பக்கத்திலுள்ள சதவீதம் ‘ஆன் புவா’, அதாவது எடையிலா, ‘ஆன் வொல்யூம்’, அதாவது கன அளவிலா என்று பாராமல் இரண்டு பொருள்களை ஒப்பிடுவதுதான் பெரிய பிழை. பேரியம் கண்ணாடியின் அடர்த்தி ஏறக்குறைய 3, ரெசினுக்கு 1.2 அளவில்தான். எனவே எடையில் 75 சதவீதம் துகள் என்றால், கன அளவில் சுமார் 55தான். ஒளியில் இறுகும்போது சுருங்குவது துகள் அல்ல, மீதியுள்ள ரெசின். ஆகவே கன அளவைத்தான் பார்க்க வேண்டும்.

‘நானோ’ என்ற பெயரிலும் ஏமாற வேண்டாம். நானோ ஹைப்ரிட் என்பவற்றில் பெரும்பங்கு, ஒரு மைக்ரானை ஒட்டியோ அதற்குக் குறைவாகவோ அரைத்த கண்ணாடி. நானோ துகள் இடைவெளியை நிரப்பத்தான். நுண் சிலிக்கா கலந்த பழைய வகைக் காம்போசிட்டான மைக்ரோஃபில்லின் சிலிக்காவே 40 நானோமீட்டர்தான்! பளபளப்பு நன்றாக வரும் என்று அதைக் கடைவாய்ப் பல்லில் வைத்தால், கடி அழுத்தத்தில் ஓரம் உடையும். வெறும் சிலிக்கா எக்ஸ்ரேயில் தெளிவாகத் தெரியாது. பிறகு பார்ப்பவர் அதைச் சொத்தை என்றே எண்ணக்கூடும். பேரியம், ஸ்ட்ரான்ஷியம், சிர்கோனியா கலந்தவை வெண்மையாகத் தெரியும்.

உருண்டைத் துகள் நெருக்கமாக அடங்கும், மெருகும் எளிதில் ஏறும். உடைத்து அரைத்த துகளின் கூர்முனையில் அழுத்தம் குவியும். ஆனால் அது ரெசினைக் கவ்விப் பிடிக்கும். உருண்டைக்கு அந்தப் பிடி இல்லாததால், ஒட்டவைக்கும் சிலேன் பூச்சு நீரில் சிதைந்தால் முழுத் துகளும் கழன்று குழி விழும். வடிவத்தை மட்டும் வைத்து உறுதியை மதிப்பிடக்கூடாது.

இன்னொன்று, நம் கடலோர ஈரக்காற்றில் அதிகம் நடப்பது. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்தவுடன் சிரிஞ்சைத் திறந்தால் பசைமேல் நீர் படியும். குளிர்ந்த பசை கெட்டியாக இருப்பதால், கருவியை, பல்லோடு ஒட்டவைக்கும் பாண்டிங் திரவத்தில் தோய்த்து அழுத்துவார்கள். அந்தத் திரவத்தில் துகள் இல்லை அல்லது மிகக் குறைவு. பலவற்றில் ஆல்கஹாலோ அசிட்டோனோ உண்டு. அடுக்குகளுக்கிடையே துகளற்ற, கரைப்பான் தங்கிய மெல்லிய ரெசின் பட்டை மிஞ்சும். மூடியைத் திறக்காமலே அறை வெப்பத்துக்கு வரவிட்டால், தோய்க்கும் தேவையே பெரும்பாலும் இராது.