ஒட்டு கையில் தட்டாமல் பஞ்சர் ஒட்டுவது எப்படி

புதுக்கோட்டை மாவட்டத்தில் 1991இல் அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கம் தொடங்கியபோது, ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் எழுத்தோடு சைக்கிள் பயிற்சியையும் சேர்த்தார். நான் பழகியது பார் வைத்த ஆண்கள் சைக்கிளில். பாரில் மகன், பின்னால் தண்ணீர்க் குடம். இனி யாரையும் எதிர்பார்க்க வேண்டாம் என்றிருந்தேன். ஒரு சாயங்காலம் சீமைக்கருவேல முள் ஏறியது. கடைக்காரர் நாளைக்கு வரச் சொல்லிவிட்டார். தூங்கும் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஐந்து மைல் சைக்கிளைத் தள்ளினேன். அந்த வாரமே பஞ்சர் ஒட்டும் பசையான சொல்யூஷன் ஒரு டியூப் வாங்கினேன்.

இப்போது பிளஸ் ஒன் பிள்ளைகள் விலையில்லா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு என் வாசலுக்கு வருகிறார்கள். நான் ஒட்டித்தருவதில்லை, உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்கிறேன்.

காற்று இறங்கியதெல்லாம் பஞ்சர் அல்ல. முதலில் கொஞ்சம் காற்றடித்து, டியூபின் காற்றடிக்கும் வாயில் எச்சில் தொட்டு வையுங்கள். குமிழி வந்தால் உள்ளே வால்டியூப் என்கிற சின்ன ரப்பர் குழாய் நைந்திருக்கிறது. புதிதாக ஒன்று செருகினால் வேலை முடிந்தது.

குமிழி வரவில்லையா? மிச்சக் காற்றையும் இறக்குங்கள். சக்கரத்தைக் கழற்றத் தேவையில்லை. டயரின் ஒரு பக்கத்தை மட்டும் நெம்பி டியூபை வெளியே இழுத்தால் போதும். ஸ்குரூ டிரைவரால் நெம்பாதீர்கள், புது ஓட்டை விழும். லீவர் இல்லாதபோது எவர்சில்வர் கரண்டியின் காம்பால் நெம்புவேன்.

டியூபில் காற்றடித்துத் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாக அமுக்கிப் பாருங்கள். குமிழி வரும் இடத்தைப் பேனாவால் பெரிய பெருக்கல் குறியாகப் போடுங்கள். சிறிதாகப் போட்டால் தேய்க்கும்போது அழிந்துவிடும். ஓர் ஓட்டை கிடைத்ததும் நிறுத்தாமல் முழுச் சுற்றும் பாருங்கள். ஒரே முள் இரண்டு இடத்தில் குத்தியிருக்கும்.

இனிதான் உண்மையான வேலை. காற்றை இறக்கி, ஈரம் போகத் துடைத்து, உப்புத்தாளால் பளபளப்பு மறையும்வரை தேயுங்கள். பழைய டியூபில் ஒட்டு வெட்டுவதானால் வட்டமாக வெட்டுங்கள். மூலை இருந்தால் அங்கிருந்துதான் பெயரும். ஒட்டையும் தேய்த்து, இரண்டிலும் சொல்யூஷனை மெல்லிசாகத் தடவிக் காத்திருங்கள். ஈரத்தோடு ஒட்டினால் நிற்காது. மினுமினுப்பு மங்கி, ஓரத்தில் விரலின் பின்புறத்தை வைத்தால் பிசுபிசுக்காமல் இருக்க வேண்டும். அதன் பிறகு நடுவிலிருந்து ஓரம் நோக்கிக் கட்டைவிரலால் பலமாக அழுத்துங்கள்.

நான் போட்ட முதல் ஒட்டு இரண்டாம் நாளே பெயர்ந்தது. வீணாய்ப்போன டியூப் ஒன்றை எடுத்து, அடுப்பு வேலை முடிந்த இரவுகளில் இருபத்து மூன்று ஒட்டுகள் போட்டேன். கண்ணை மூடி நகத்தால் தடவிப் பார்ப்பேன். ஓரம் நகத்தில் தட்டினால் பிய்த்துவிட்டு மறுபடியும். பத்தொன்பதாவது ஒட்டில்தான் நகம் தட்டாமல் ஓடியது. காற்று நின்றாலே போதும் என்பார்கள், எனக்குப் போதாது. நாம் போட்ட ஒட்டை நம்பி இருட்டில் பிள்ளையோடு போகப் போவது நாம்தான்.

டியூபை மாட்டுவதற்கு முன் டயரின் உள்பக்கம் முழுவதும் பழைய வேட்டித் துணியால் துழாவுங்கள். முள் இருந்தால் துணியில் மாட்டும். அதை எடுக்காமல் மாட்டினால் பட்ட பாடெல்லாம் வீண். டயரின் கடைசிப் பகுதி இறுக்கமாகத்தான் இருக்கும். லீவரைத் தொடாமல் இரண்டு கட்டைவிரலாலும் தள்ளுங்கள். பாதிக் காற்றடித்து, டியூப் எங்காவது டயருக்கடியில் நசுங்கியிருக்கிறதா என்று இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு மீதியை அடியுங்கள்.

போன வாரம் ஒரு பெண் தன் முதல் ஒட்டைப் போட்டாள். தண்ணீரில் அமுக்கினோம், ஒரு குமிழியும் இல்லை. போகலாம் என்றேன். அவள் கண்ணை மூடி நகத்தால் தடவினாள். பிறகு ஒட்டைப் பிய்த்துப் போட்டுவிட்டு, உப்புத்தாளை எடுத்தாள்.